குமரி மாவட்ட மருந்துக்கடையினருக்கு: மனச்சோர்வு மாத்திரை பாதியில் நிற்கக் கூடாது

குமரி மாவட்டத்தில் மருந்துக்கடை நடத்துவோருக்கும், அங்கே மருந்து எடுத்துக் கொடுக்கும் மருந்தாளுநர்களுக்கும் வணக்கம். மனநலப் பணியில் இருக்கும் நாங்கள் ஒரு வேண்டுகோளோடு எழுதுகிறோம்.

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுபவர் மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரைப் பார்த்தாலே பெரிது. இடையில் அவரைப் பார்ப்பவர்கள் நீங்கள்தான்.

எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். குமட்டலோ முதல் வாரமே வந்துவிடும். அதனால்தான் பலர் தொடக்கத்திலேயே விட்டுவிடுகிறார்கள். "சாப்பிட்ட பிறகு போடுங்கள், ஓரிரு வாரத்தில் குமட்டல் குறையும்" என்று நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை அவர்களைத் தொடர வைக்கும். குணமான பிறகும் ஆறு மாதமாவது சாப்பிட வேண்டும். "சரியாயிட்டே, இன்னும் எதுக்கு?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

எங்களுக்குப் பெரிய கவலை, மாத்திரையை மாற்றிக் கொடுப்பது. திருவனந்தபுரத்தில் எழுதிய பிராண்டு மார்த்தாண்டத்தில் கிடைக்காமல் போகலாம். அப்போது எழுதிய மருத்துவரைப் போனில் கேளுங்கள். மருந்தும் மில்லிகிராமும் மாறவே கூடாது. வெறும் எஸ்சிட்டலோபிராம் 10 கேட்டவருக்கு பதற்றம் தணித்துத் தூக்கம் தரும் குளோனசெபாம் 0.5 சேர்ந்த கூட்டு மாத்திரை போனால், பழக்கமாகிவிடக்கூடிய இன்னொரு மருந்து அவருக்குத் தெரியாமலே உள்ளே போகிறது. முதியவர்கள் தள்ளாடி விழக்கூடும். நெடுநாள் கூட்டு மாத்திரை சாப்பிட்டவருக்குத் தனி மாத்திரை கொடுத்தாலும் ஆபத்துதான். குளோனசெபாம் சட்டென்று நின்று தூக்கம் கெடும், நடுக்கம் வரும், சிலருக்கு வலிப்பே வரலாம்.

மனச்சோர்வு மாத்திரையையே திடீரென நிறுத்தினால் சில நாளில் தலைசுற்றல், எரிச்சல், மண்டைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு வரலாம். உடலை விட்டுச் சீக்கிரம் வெளியேறும் பராக்சிட்டின், வென்லாஃபாக்சினில் இது அதிகம், ஃபுளூவாக்சிட்டினில் குறைவு. வீட்டார் இதை நோய் திரும்பிவிட்டதென்று எண்ணிப் பதறுவார்கள். நிறுத்துவதென்றால் மருத்துவர் சொல்கிறபடி பல வாரங்களில் குறைக்க வேண்டும், கடைசியில் இன்னும் சிறிது சிறிதாக. எக்ஸ்ஆர், சிஆர் என்று அட்டையில் இருந்தால், அது மருந்தை மெதுவாக வெளிவிடும் மாத்திரை, உடைத்துச் சாப்பிடச் சொல்லாதீர்கள்.

மூட்டுவலி என்று வந்து நிற்பவரிடம் வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். எஸ்சிட்டலோபிராம் வகையோடு டைக்ளோஃபெனாக் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவுக்கு வாய்ப்பு கூடும். டிராமடால் என்ற வலி மருந்து சேர்ந்தால், மூளையில் செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் மிகையாகி நடுக்கம், காய்ச்சல், குழப்பம் வரக்கூடும்.

தூத்தூர், சின்னத்துறை பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். சீட்டில் எழுதிய அளவு முழுவதையும் புறப்படும் முன்பே கிடைக்கச் செய்யுங்கள். பத்து மாத்திரையோடு அனுப்பாதீர்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. சாவைப் பற்றிப் பேசுகிறவர் கையில் மொத்தமாகக் கொடுக்க வேண்டாம், அமிட்ரிப்டிலின் என்ற பழைய வகை மனச்சோர்வு மாத்திரை என்றால் கட்டாயம் வேண்டாம். அளவு மீறினால் அது இதயத்தைத் தாக்கும். அவரைத் தனியாக அனுப்பாமல் வீட்டாரையும் மருத்துவரையும் அழையுங்கள். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முதல் சில வாரம் கூடுதல் கவனம் தேவை. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இரவு பகலாக இலவசமாகக் கிடைக்கும். அதை மருந்து உறையில் அச்சிட்டுக் கொடுங்கள்.