இலவசமாகக் கொடுத்தது மட்டுமல்ல

ஆசிரியருக்கு வணக்கம். ரேடியோஹெட் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழு 2007இல் 'இன் ரெயின்போஸ்' ஆல்பத்தை இலவசமாகக் கொடுத்துப் பெயர் வாங்கியது என்று சென்ற வார இசைக் கட்டுரையில் வந்திருந்தது. பாதிதான் சரி.

பார்லஃபோன் என்ற இசைத்தட்டு முத்திரையை வைத்திருந்த இஎம்ஐ நிறுவனத்துடன் 1991இல் போட்ட ஆறு ஆல்ப ஒப்பந்தம் 2003இல் 'ஹெயில் டு த தீஃப்' வெளியானதோடு தீர்ந்தது. கைகட்டு அவிழ்ந்த பிறகுதான் விலையை வாங்குபவரே தீர்மானிக்கட்டும் என்று சொல்ல முடிந்தது. இணையத்தில் விலை பூஜ்யம் என்று போட்டாலும் பாட்டுகளைப் பதிவிறக்கலாம். பணம் கொடுத்தால் கடன் அட்டைக் கட்டணமாக 45 பென்ஸ் தனி. வந்தது 160 கேபிபிஎஸ் (நொடிக்கு 160 கிலோபிட்) அளவுக்குச் சுருக்கிய எம்பி3 கோப்பு. நல்ல ஒலிபெருக்கியில் சிம்பல் (டிரம்ஸின் உலோகத் தட்டு) ஓசை மங்கித்தான் கேட்கும். துல்லியம் வேண்டியவர்களுக்கு 40 பவுண்டுக்கு வினைல், சிடி அடங்கிய பெட்டி இருந்தது. ஆண்டு இறுதியில் கடைக்கு வந்த சிடியும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது.

உண்மையான துணிச்சல் அதற்கு முன்பே நடந்தது என்பேன். 'ஓகே கம்ப்யூட்டர்' (1997) உலகப் புகழ் தந்த கையோடு, கிட்டாரை ஓரங்கட்டி, சிந்தசைசரும் ஓண்ட் மார்த்தனோ என்ற பழைய பிரெஞ்சு மின்கருவியும் முழங்க 2000இல் 'கிட் ஏ' தந்தார்கள். சிங்கிள், அதாவது விளம்பரத்துக்குத் தனியாக விற்கும் பாட்டு, ஒன்றுகூட வெளியிடவில்லை. அப்படியும் அமெரிக்காவில் முதலிடம்!

ஆக்ஸ்ஃபோர்டு அருகே ஆபிங்டன் பள்ளியில் படித்தபோது ஒன்றுசேர்ந்து குழுவைத் தொடங்கிய ஐவரும் அதில் நீடிப்பதையும் கட்டுரை சொல்லியிருக்கலாம்.