சமயப் பாடத்தை அட்டவணையிலிருந்து மீட்டெடுங்கள்: பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களே,

நிறுவியவர், புனித நூல், வழிபாட்டிடம், பண்டிகை என்னும் நான்கு கட்டங்களுக்குள் உலகச் சமயங்களை அடக்கும் பாடமுறையை நீங்கள் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று, வகுப்பறையில் அதைக் கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன். இந்து சமயத்துக்கும் ஜப்பானின் மரபுச் சமயமான ஷின்டோவுக்கும் நிறுவியவர் என ஒருவர் இல்லாததால் அந்தக் கட்டத்தில் கோடு இடப்படுகிறது. மாணவர் அதைக் குறைபாடாகவே படிக்கிறார். "பௌத்தர்களின் கடவுள் புத்தர்" என்று விடைத்தாளில் எழுதும் மாணவரிடம் தவறில்லை, காலியாக இருக்கும் கட்டத்தை நிரப்பத்தான் நாம் அவரைப் பழக்கியிருக்கிறோம்.

1960களில் உளவியலாளர் டேவிட் எல்கைண்ட், யூத, கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் குடும்பச் சிறுவர்களிடம், ஒரு நாயோ பூனையோ உங்கள் சமயத்தைச் சேர்ந்ததாக இருக்க முடியுமா என்று கேட்டார். சற்று இளையவர்கள், தேவாலயத்துக்குள் அதை விடமாட்டார்கள் என்பது போன்ற வெளிக்காரணங்களைச் சொன்னார்கள். பதினோரு பன்னிரண்டு வயதை எட்டியவர்களோ, அதற்குப் புரிந்துகொள்ளவும் நம்பவும் இயலாது என்று உள்ளத்தை நோக்கித் திரும்பினார்கள். உயர்நிலை வகுப்புக்கு வரும்போதே அகவயமாகச் சிந்திக்கத் தயாராக இருக்கும் பிள்ளையை, நம் அட்டவணை மீண்டும் வெளி அடையாளங்களுக்கே இழுத்து வருகிறது.

அதற்காகச் சமயம் என்றால் நம்பிக்கை மட்டுமே என்று சொல்லிக்கொடுத்தாலும் போதாது. அப்படிக் கற்ற மாணவர், கடவுளைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்லாமல் குடும்பத்தோடு நோன்பிருப்பவரைப் போலி என்று முடிவுகட்டிவிடுவார். சடங்கு, கதை, அனுபவம், கோட்பாடு, அறநெறி, சமூக அமைப்பு, பொருள்வடிவம் என ஏழு பரிமாணங்களில் சமயத்தை அணுகிய சமயவியல் அறிஞர் நினியன் ஸ்மார்ட்டின் பார்வை இங்கே உதவும். (அதையும் ஏழு பத்திகள் கொண்ட அட்டவணையாக்கி மனப்பாடத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள்.)

தேர்வு மாறாமல் பாடம் மாறாது. "புனித நூலைக் குறிப்பிடுக" என்பதற்குப் பதிலாக, ஒரே சமயத்தைச் சேர்ந்த இரு குடும்பங்கள் ஒரே பண்டிகையை ஏன் வெவ்வேறு விதமாகக் கொண்டாடுகின்றன என்று கேளுங்கள். மாணவரின் சொந்த நம்பிக்கையை விசாரிக்கும் வினாவும் அதற்கான மதிப்பெண்ணும் எந்த வடிவிலும் வேண்டாம். மாதிரி விடைகளை ஆசிரியர் கையேட்டில் அச்சிட்டுத் தாருங்கள். பெற்றோரின் புகாருக்கு அஞ்சி இப்பாடத்தை அவசரமாக முடித்துவிடும் ஆசிரியருக்கு அந்தப் பக்கங்கள் பக்கபலமாக இருக்கும்.

இவண்,
ஓர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியன்