பினாங்கிலிருந்து உன் வீட்டுக்கு

அன்பு மகள் கயல்விழிக்கு,

நாங்கள் அனைவரும் நலம். மெல்பர்னில் நீங்கள் வாங்கியிருக்கும் வீட்டுக்கு நம் ஊர்ப் பழம்பொருள் ஏதாவது வேண்டும் என்று நீ எழுதியதை உன் அம்மா ஒரு சாக்காகப் பிடித்துக்கொண்டு, தம்பிக்கு விடுமுறை கிடைத்ததும் எங்களைப் பினாங்குக்குக் கிளப்பிவிட்டாள். பேரம் பேச ஆள் வேண்டும் என்பதால் அத்தையையும் அழைத்துக்கொண்டோம். அங்கே எதை வாங்கினோம், எதை விட்டு வந்தோம் என்பதை உனக்கு விவரமாகச் சொல்லவே இந்தக் கடிதம்.

கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 350 கிலோமீட்டர்தான் என்றாலும், தஞ்சோங் மாலிமில் பாவ் என்னும் சீன அவித்த ரொட்டி, பீடோரில் கொய்யா, ஈப்போவில் பசியாறல் என்று நிறுத்தி நிறுத்திப் போனதில் பொழுது ஓடிவிட்டது. ஈப்போ வெள்ளைக் கோப்பியைப் பற்றி நான் எழுதினால் உனக்கு ஏக்கம் வரும், விட்டுவிடுகிறேன். பத்து காஜா அருகே கெல்லி கோட்டையைத் தம்பி பார்க்க வேண்டும் என்றான். மின்தூக்கி வரை திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய அந்த ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி, 1926இல் லிஸ்பனில் இறந்துபோக, மாளிகை அரைகுறையாகவே நின்றுவிட்டது. எனக்கென்னவோ மாளிகையைவிட, அங்கே வேலை செய்த நம்மவர்களுக்காக எழும்பிய மாரியம்மன் கோயில்தான் பார்க்கத் தகுந்தது. தெய்வ உருவங்களுக்கு நடுவே கோட்டும் தொப்பியுமாக ஒரு வெள்ளைக்காரத் துரையும் அதன் மேல் நிற்கிறார்.

சிறு வயதில் போனதுபோல் காரோடு பெரிப் படகில் ஏறித் தீவுக்குப் போகலாம் என்று தம்பி ஆசைப்பட்டான். ஆனால் பழைய பெரிகள் 2020 இறுதியோடு கார் ஏற்றுவதை நிறுத்திவிட்டன; இப்போதைய பெரிகளில் ஆட்களும் சைக்கிள், மோட்டார் சைக்கிள்களும்தான் போக முடியும். ஆகவே 1985இல் திறந்த பாலத்தின் வழியாகவே போனோம்.

ஜார்ஜ்டவுனில் கடைகளுக்குப் போகுமுன், பெரானாக்கான் என்னும் உள்ளூர்ச் சீன வம்சத்தாரின் மாளிகை அருங்காட்சியகத்துக்கு எல்லாரையும் அழைத்துச் சென்றேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழம்பொருள்கள் அங்கே இருக்கின்றன. அசலைக் கண் நிறையப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனால் நகலை இனம் காண்பது எளிது என்பது என் எண்ணம். அது வீண்போகவில்லை. பிந்தால் தாலி சாலையில் ஒரு கடையில், நோன்யா (பெரானாக்கான் பெண்) வீட்டுக் கோப்பை என்று இளஞ்சிவப்பும் பச்சையுமாக ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். அத்தை அதைக் கவிழ்த்து அடி விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள். நூறு வருடம் மேசையில் உராய்ந்த கோப்பையின் விளிம்பு மழுங்கியிருக்க வேண்டும், இதுவோ நேற்றுச் சூளையிலிருந்து எடுத்ததுபோல் சொரசொரப்பாக இருந்தது. சொன்ன விலையைக் கேட்டுச் சிரித்துவிட்டு வெளியே வந்தோம்.

மறுநாள் காலை லோரோங் கூலிட் சந்தைக்குப் போனோம். துணி விரித்து, பழைய கைக்கடிகாரம், துருப்பிடித்த இஸ்திரிப்பெட்டி, ஜப்பான்காரன் ஆண்ட காலத்து, வாழைமரப் படம் போட்ட பண நோட்டு என்று பரப்பியிருந்தார்கள். அந்த நோட்டுகளைக் கணக்கின்றி அச்சடித்திருந்தார்கள். 1945இல் போர் முடிந்ததும் அவை வெறும் காகிதமாகிவிட்டன. சாதாரண நோட்டுகள் இன்றும் ஏராளமாகக் கிடைப்பதால் அதற்குப் பெரிய விலை கொடுப்பது வீண். பேரனுக்குக் கதை சொல்ல உதவும் என்று பத்து வெள்ளி நோட்டு ஒன்றை மட்டும் வாங்கினேன்.

அந்தக் குவியலில் ரப்பர் மரத்தில் பால்வெட்டும் கத்தி ஒன்றும், பால் வடியும் கிண்ணங்களான பால் மங்குகள் நான்கும் கிடந்தன. விற்பவர் சீன இளைஞர்; மங்குகளைப் பூச்செடி வைக்கும் சட்டி என்றார். உன் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கத்தியைக் கையில் வாங்கி, மரத்தின் மேல்பட்டையை மட்டும் மெல்லியதாய்ச் சாய்வாகச் சீவ வேண்டும், ஆழமாகப் போனால் மரம் காயப்படும், வெயில் ஏறினால் பால் வடிவது நின்றுவிடும், அதனால்தான் இருட்டிலேயே நெற்றியில் விளக்கோடு மர வரிசையான நிரைக்குப் போனோம் என்று அரைகுறை மலாயில் அவருக்கு விளக்கினாள். மனிதர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்; விலையைத்தான் ஒரு காசும் குறைக்கவில்லை. உனக்கு வாங்கட்டுமா என்று கேட்டேன். தன் தாயார் கை காய்த்த பொருளை வரவேற்பறையில் அழகுக்கு மாட்டுவதில் தனக்குச் சம்மதமில்லை என்று அம்மா சொல்லிவிட்டாள். எனக்கு அதில் மாற்றுக் கருத்து உண்டு. தோட்டத்து வரிசை வீடான லயத்தைக் காலி செய்தபோது இவற்றையெல்லாம் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்தவர்கள் நாம். அடுத்த தலைமுறை கண்ணால் பார்க்க ஒன்றாவது வேண்டாமா? ஆனால் அங்கே நின்று வாதாட முடியவில்லை.

உனக்காக வாங்கியது நான்கடுக்கு எனாமல் சாப்பாட்டுக் கேரியர். நீலப் பூக்கள், கையால் தீட்டியவை. இரண்டு பூ ஒன்றுபோல் இருக்காது. 280 வெள்ளி (ரிங்கிட்) சொன்னதை அத்தை 190க்கு முடித்தாள். மேல் தட்டில் பூச்சு உதிர்ந்திருப்பதால் அதில் சாப்பாடு வைக்காதே. மரச்சாமான்களை வேண்டுமென்றே தவிர்த்தேன். ஆஸ்திரேலியாவில் மரப்பொருளை அறிவித்துச் சோதனைக்குக் காட்ட வேண்டும், பூச்சி அரித்த அடையாளம் தெரிந்தால் தொல்லை.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. நம் தமிழ் முஸ்லிம்கள் ஒரு காலத்தில் தோளில் காவடிபோல் சுமந்து விற்ற நாசி கண்டார் சோற்றை, எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்லித் தம்பி ஒரு பிடி பிடித்தான். தண்ணீர்மலை முருகனைத் தரிசிக்க, 500க்கும் மேற்பட்ட படிகளில் அத்தைதான் எங்களுக்கு முன்னால் ஏறினாள்.

இறங்கி வந்த தெம்பில், அர்மீனியன் சாலையில் பித்தளைச் சட்டமிட்ட ஒரு கண்ணாடிக்கு, என்னைக் கேட்காமலேயே முன்பணமும் கொடுத்துவிட்டாள். மூன்றடி அகலம் இருக்கும். உன் கூடத்துச் சுவரை அளந்து இந்த வாரத்துக்குள் எழுது. இடம் போதாது என்றால் அதை நீயே அத்தையிடம் சொல்ல வேண்டும், நான் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
அப்பா