மதிப்பீட்டுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மதிப்பீட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் இறுதி அறிக்கை ஒருவழியாக எங்கள் ஊர்க் குழுவின் கைக்கு வந்துவிட்டது. நீங்கள் அனுப்பியதல்ல, யாரோ யாருக்கோ அனுப்பியதன் நகல். பரம ஏழைக் குடும்பங்களுக்கு ஆடுகள் கொடுத்து, வாராவாரம் பணியாளரை அனுப்பிக் கைதூக்கிவிடும் திட்டத்தின் கதை உங்களுக்குத் தெரியும். பரம ஏழைகள் யார் என்று ஊரே கூடி, தரையில் வரைபடம் போட்டு, சண்டை பிடித்துத் தேர்ந்தெடுத்ததெல்லாம் உங்கள் முதல் அத்தியாயத்திலேயே அழகாக இருக்கிறது.

‘முன்னேறிய குடும்பம்’ என்று நீங்கள் குறித்த ஒரு வீட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். கணவரை இழந்த பெண், படுத்த படுக்கையான மாமியார், பள்ளிக்குப் போகும் மகள். உங்கள் ஆட்கள் வந்தது அறுவடை முடிந்த கையோடு. அப்போது கூலி வேலை இருந்தது, வீட்டில் தானியம் இருந்தது, திட்டத்தில் கொடுத்த ஆடுகளும் நின்றன. எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டு போனீர்கள். அப்புறம் வேலையில்லாத மாதங்கள் வந்தன. வாராவாரம் வீடு தேடி வந்த பணியாளரும் நின்றுவிட்டார். மாமியாரின் வைத்தியத்துக்காக ஆடுகள் ஒவ்வொன்றாக விலை போயின. கடைசியில் அந்தப் பெண் சினை ஆட்டையும் பிடித்துக்கொடுத்தார். சினை ஆட்டை விற்பது எப்பேர்ப்பட்ட நிலை என்பதைக் குறிக்க உங்கள் வினாத்தாளில் இடமே இல்லை. இன்று அவர் வேறு உதவி கேட்டுப் போனால், “நீங்கள்தான் முன்னேறிவிட்டீர்களே” என்கிறார்கள். பட்டியலில் அப்படித்தானே இருக்கிறது.

எனவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: உதவி நின்று ஓராண்டு ஆனபின், வேலையில்லாத மாதத்தில் வந்து மறுபடி எண்ணுங்கள்.

உலகத்தில் யாரும் செய்யாததைக் கேட்கவில்லை. வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 2002இல் தொடங்கிய இதே போன்ற முறையை இந்தியா உட்பட ஆறு நாடுகளில் சோதித்த ஆய்வாளர்கள், திட்டம் முடிந்து ஓராண்டு கழித்தும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் 2015இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலான இடங்களில் பலன் நிலைத்திருந்தது. ஹோண்டுராஸில் கொடுத்த கோழிகள் பல நோயில் செத்தன. அதையும் மறைக்காமல் எழுதினார்கள். மேற்கு வங்கத்தில் பத்தாண்டு வரை பின்தொடர்ந்தார்கள், அங்கேயும் பலன் நீடித்தது. ஆகவே திட்டத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. ஆட்டை எண்ணிய கையோடு கடையைக் கட்டியதில்தான் கோபம்.

பரம ஏழை யார் என்று சொல்ல ஊருக்கு அறிவு இருந்ததாம். யார் மீண்டார் என்று சொல்ல மட்டும் இல்லாமல் போய்விட்டது போலும். அரை நாள் கூலியை விட்டுவிட்டு உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொன்னவர்களுக்கு அறிக்கையில் ஒரு வரி நன்றி இருக்கிறது. அட்டைப் படத்தில் ஆடும் நன்றாகவே வந்திருக்கிறது. சரி, விடுங்கள். கேட்க வந்ததை மரியாதையாகவே கேட்டுவிடுகிறேன்.

தயவுசெய்து வேலையில்லாத மாதத்தில் ஒருமுறை வந்து எண்ணுங்கள். அதுவரை அந்தப் பட்டியலைக் காட்டி யாருடைய உதவியும் மறுக்கப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய முடிவை ஊர்க் கூட்டத்தில், எங்களுக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டுங்கள். தவறிருந்தால் அங்கேயே சொல்கிறோம்.

இப்படிக்கு,
ஊர்க் குழு உறுப்பினர் ஒருவர்