பெரட்டுக்கு வராதவருக்கும் சம்பளமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில் மலேசிய நாடாளுமன்ற உறுப்பினர்களைப் பற்றிய கட்டுரையில், ‘அவர்களின் பணிச்சுமையை மக்கள் உணர்வதில்லை’ என்று ஒரு வரி வந்திருந்தது. எழுதியவர் நல்ல மனசுக்காரர்தான் போலிருக்கிறது. எனக்குத்தான் காலைக் காப்பி தொண்டையில் இறங்கவில்லை.

சுமை என்றால் என்னவென்று எங்களுக்கும் கொஞ்சம் தெரியும், ஐயா. நான் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில், விடியற்காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும்போது, பெயர் கூப்பிட்டு ஆள் இல்லையென்றால் அன்றைய கூலி போச்சு. கங்காணியிடம் காரணம் சொல்லிப் பயனில்லை. மக்களவையில் மொத்தம் 222 பேர். சபாநாயகரைச் சேர்க்காமல் 26 பேர் இருந்தாலே கூட்டம் நடத்தலாம். அந்த 26 பேருக்கும் சில நேரம் மணி அடித்து ஆள் தேட வேண்டியிருக்கிறது என்பது உங்கள் நிருபர்களுக்குத் தெரியாததா? அவைப் பேச்சைப் பதிவு செய்யும் ஹன்சார்டில் வருகைப் பட்டியல் வருகிறது, சரி. வந்தவர் எவ்வளவு நேரம் நாற்காலியில் இருந்தார் என்பது அதில் வராதே!

உறுப்பினருக்கு மாதம் 16,000 ரிங்கிட். அவைக்கு வரும் நாளுக்குத் தனியாக 400. முப்பத்தாறு மாதம் பதவியில் இருந்துவிட்டால் 50 வயதில் பென்ஷன் வேறு. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனதே 2025-இல்தான். என் வீட்டுக்காரர் ஆயுசு முழுக்கத் தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த இபிஎஃப் சேமநிதிப் பணம் மகள் கல்யாணத்தோடு தீர்ந்துவிட்டது.

பணத்தை விடுங்கள். அரசியலமைப்பின் 63-வது பிரிவுப்படி, அவைக்குள் பேசியதற்காக உறுப்பினர் மீது வழக்குப் போட முடியாது. தேச நிந்தனை போன்ற சில விஷயங்களுக்குத்தான் விலக்கு. வாய்க்கு இவ்வளவு பெரிய காவல் எதற்கு? தோட்டத்தை வாங்கி வீடு கட்டுகிறவர்களின் பெயரைச் சொல்ல வெளியே பயம் இருக்கலாம். உள்ளே என்ன பயம்?

எங்கள் தோட்டம் கைமாறி, தொழிலாளர் குடியிருப்பான லயன் வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தபோது, ‘ஒய்பி’ என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு மனுவோடு போனேன். “ஒய்பி நாடாளுமன்றத்தில் இருக்கிறார், பாட்டி” என்றாள் அங்கிருந்த பெண், மரியாதையாகத்தான். அன்று சாயங்காலமே ஒய்பி பூப்பந்துப் போட்டியைத் தொடக்கிவைக்கும் படத்தைப் பேரன் ஃபேஸ்புக்கில் காட்டினான். மனுவின் நகல் முத்திரையோடு பிளாஸ்டிக் பைக்குள் இருக்கிறது. வேண்டுமானால் அனுப்பிவைக்கிறேன். கோயிலை இடம் மாற்றியபோதும் இதே கதைதான். அப்புறம் மேலவை. அங்குள்ள 70 பேரில் 44 பேர் நியமனம். தேர்தலில் நாங்கள் வேண்டாமென்று அனுப்பியவர் அந்த வழியாக அமைச்சராகித் திரும்பி வருவதையும் பார்த்தாயிற்று.

நீங்களும் சளைத்தவரில்லை. தீபாவளிக்கு அரிசி மூட்டை கொடுக்கும் படம் அரைப் பக்கம் வருகிறது. அதே ஆள் அவையில் என்ன கேட்டார் என்பதற்கு நாலு வரி இல்லை.

ஒரே வேண்டுகோள். ஒவ்வொரு கூட்டத் தொடர் முடிந்ததும், தோட்ட மக்களைப் பற்றி எந்த உறுப்பினர் என்ன கேட்டார், அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்று கால் பக்கம் போடுங்கள். ஒன்றும் கேட்கவில்லை என்றால் அதையும் போடுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருந்தால் என் வயதுக்காரர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
முன்னாள் தோட்டத் தொழிலாளி,
பேராக்