ஆப்பிரிக்கச் செய்திகளுடன் ஒரு சிறு நிலப்படம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2023 ஜூலை இறுதியில் நைஜர் நாட்டில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது, நான் நாள்தோறும் நாளிதழ் படிக்கும் நூலகத்தில் அதைப் பற்றிப் பேசியவர்களில் பெரும்பாலோர், நடந்தது நைஜீரியாவில் என்றே எண்ணிக்கொண்டிருந்தார்கள். பெயர்க் குழப்பம்தானே என்று அதை என்னால் ஒதுக்க முடியவில்லை. நைஜரின் ராணுவ ஆட்சியாளர்களுக்குக் கெடு விதித்த எகோவாஸ் என்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்புக்கு அப்போது தலைமை வகித்ததே நைஜீரியாதான். நைஜருக்குத் தான் கொடுத்துவந்த மின்சாரத்தை நிறுத்தியதும் அதே நாடுதான். இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் படிப்பவருக்கு, யார் யாரை மிரட்டுகிறார் என்பதே விளங்காது. இரு நாடுகளுக்கும் பெயர் தந்தது நைஜர் ஆறு. தெற்கே நைஜீரியாவுக்குக் கினி வளைகுடாக் கரை இருக்கிறது. வடக்கே நைஜருக்கோ கடலே இல்லை. பெனின் நாட்டின் கொட்டோனூ துறைமுகத்தில் இறங்கி லாரிகளில் வரும் சரக்கை நம்பியிருந்த நாடு அது. எல்லைகளை மூடியவுடன் அங்கே விலைவாசி ஏன் ஏறியது என்பது, உள்ளங்கை அளவு நிலப்படம் ஒன்று செய்தியின் அருகில் இருந்திருந்தால் பார்த்த மாத்திரத்தில் புரிந்திருக்கும்.

பள்ளியில் பல ஆண்டுகள் புவியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். தொடக்கத்தில் நானும் ஆப்பிரிக்காவை நாடு, தலைநகரம் என்று இரண்டு வரிசைப் பட்டியலாகவே நடத்தினேன். தேர்வன்று தடுமாறாமல் ஒப்பித்த பிள்ளைகள், கோடை விடுமுறை முடிந்து வந்தபோது பத்து நாடுகளைக்கூடச் சொல்ல முடியாமல் நின்றார்கள். அது அவர்கள் குற்றம் அன்று. எங்கே இருக்கிறது என்று தெரியாத ஊரின் பெயர் மனத்தில் எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்?

அதன் பிறகு பட்டியலை விட்டுவிட்டு ஆறுகளின் வழியே போனேன். விக்டோரியா ஏரியை உகாண்டா, கென்யா, தான்சானியா ஆகிய மூன்றும் பகிர்ந்துகொள்கின்றன. அங்கிருந்து புறப்படும் வெள்ளை நைல், தெற்கு சூடானின் தலைநகரான ஜூபாவைக் கடந்து வடக்கே செல்கிறது. எத்தியோப்பியாவின் தானா ஏரியிலிருந்து இறங்கிவரும் நீல நைல் அதனுடன் கலக்கும் இடத்தில் சூடானின் கார்ட்டூம் இருக்கிறது. கலந்த ஆறு எகிப்துக்குள் நுழைந்து, கெய்ரோவைத் தாண்டி மத்தியதரைக் கடலை அடைகிறது. ஓர் ஆற்றோடு நடந்தாலே ஏழு நாடுகள் வந்துவிடுகின்றன. எத்தியோப்பியா நீல நைலில் கட்டி 2025 செப்டம்பரில் திறந்துவைத்த பெரிய அணையைக் கண்டு எகிப்து ஏன் கவலைப்படுகிறது என்பதும் இந்தப் படத்திலேயே அடங்கியிருக்கிறது. தலைமடை, கடைமடை என்ற சொற்களோடு வளர்ந்த நம் வாசகருக்கு அதை விரித்துச் சொல்லவே வேண்டியதில்லை. இரண்டு காங்கோ நாடுகள் என்ற குழப்பமும் அப்படித்தான் தீர்ந்தது: காங்கோ ஆற்றின் ஒரு கரையில் பிராசவில், எதிர்க்கரையில் கின்ஷாசா, இரண்டும் இரு நாடுகளின் தலைநகரங்கள்.

எல்லைகளின் வடிவத்தையும் வாசகர் கண்ணால் காண வேண்டும். காம்பியா என்பது ஓர் ஆற்றின் இரு கரைகளையும் ஒட்டி நீளும் குறுகலான நிலம். கடல் இருக்கும் பக்கம் தவிர மற்றெல்லாப் பக்கமும் செனகல். ஆற்றை பிரிட்டனும் சுற்றியிருந்த நிலத்தை பிரான்சும் பிடித்துவைத்திருந்ததன் தழும்பு அது. எகிப்துக்கும் சூடானுக்கும் இடையே 22ஆம் அட்சக்கோட்டை ஒட்டிப் பெரும்பாலும் நேராக ஓடும் எல்லையை வரைந்தவர்கள் அங்கு வாழ்ந்த மக்கள் அல்லர் என்பதை, படத்தைப் பார்க்கும் சிறுவனே சொல்லிவிடுவான்.

படம் தேர்வு செய்வதில் ஒரு வேண்டுகோள். மெர்கேட்டர் முறையில் வரைந்த படத்தில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறத்தாழ ஒரே அளவாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப் போல் சுமார் 14 மடங்கு, இந்தியாவைப் போல் சுமார் 9 மடங்கு பெரியது. எனவே பரப்பளவைச் சரியாகக் காட்டும் படத்தையே பயன்படுத்துங்கள். பழைய அட்லஸிலிருந்து எடுத்துவிடவும் கூடாது. 2011க்குப் பிறகு தெற்கு சூடான் தனி நாடு, 2018 முதல் சுவாசிலாந்தின் பெயர் எஸ்வாத்தினி. ஒரே நாட்டை ஒரு நாள் ‘ஐவரி கோஸ்ட்’ என்றும் மறுநாள் ‘கோட் டிவார்’ என்றும் எழுதுவதையும் நம் தமிழ் இதழ்கள் நிறுத்த வேண்டும். வாசகர் அவற்றை இரண்டு நாடுகளாக எண்ணிக்கொள்கிறார்கள்.

வகுப்புக்காக நான் கையால் வரைந்த நைல், நைஜர், காங்கோ, சாம்பசி ஆற்றுப் படங்கள் நான்கும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. தங்கள் அலுவலக ஓவியருக்கு உதவுமென்றால், அவற்றின் நகல்களை உடனே அஞ்சலில் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
திருவண்ணாமலை