நடைபாலத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள கால்வாய்க்கரை மக்களுக்கு,

வணக்கம். நம் பகுதி பக்கிங்காம் கால்வாய் நடைபாலத்தின் கைப்பிடிக் கம்பி ஒருவழியாகச் சரியாகிவிட்டது. பாலத்து முனையில் கால்வாயின் கதையைச் சொல்லும் பலகையும் வைத்தாயிற்று. வீடு வீடாக வந்து நன்றி சொல்ல முடியவில்லை, அதனால் இந்த மடல்.

முதலில் வெல்டிங் பட்டறை அண்ணன். துருப்பிடித்த கம்பியைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தவர், "மேல பெயின்ட் மினுமினுன்னு இருக்கு, உள்ள ஒண்ணுமே இல்லை" என்று சொல்லி, அடியோடு அறுத்தெடுத்துப் புதுக் குழாய் வைத்துப் பற்றவைத்தார். குழாய்க்கு மட்டும்தான் காசு வாங்கினார். கரண்ட் கொடுத்தது டீக்கடை அம்மா. மனு வாங்கிய அலுவலகங்கள் பாலம் யாருடையது என்று ஒன்றையொன்று கைகாட்டியதோடு சரி.

பலகையில்தான் பெரிய விவாதம். யார் பெயரை மேலே போடுவது? கவர்னர் பக்கிங்காம் பெயரைப் பெரிதாகப் போடலாம் என்றார்கள் சிலர். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "அவர் பேருதான் கால்வாய்க்கே இருக்கே, வெட்டினவங்களைப் பத்தி எழுதுங்க" என்றார். அதுதான் சரி என்று எனக்கும் பட்டது. 1806-ல் பேசில் காக்ரேன் என்ற வணிகர் எண்ணூர்ப் பக்கம் வெட்டத் தொடங்கியது முன்கதை. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற, சுமார் 8 கிலோமீட்டர் நீளமுள்ள நம் பகுதிக் கால்வாய், தாது வருஷப் பஞ்சத்தில் 1877-78-ல் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பசியோடு வந்தவர்கள் கூலிக்காக மண் சுமந்தார்கள். அவர்கள் பெயர் எதுவும் நம்மிடம் இல்லை. பலகையின் முதல் வரி அவர்களுக்கே.

மூலைவீட்டுத் தாத்தாவுக்குத் தனி நன்றி. ஸ்ரீஹரிக்கோட்டா விறகு ஏற்றி வந்த படகுகளைச் சின்ன வயதில் பார்த்தவர் அவர். காற்று இருந்தால் பாய். இல்லாவிட்டால் கரையில் நடந்தே கயிறு கட்டி இழுப்பார்களாம். பாலம் கிட்டே வந்ததும் பாய்மரத்தைச் சாய்த்து, ஆட்கள் குனிந்துகொள்வார்களாம். சொல்லும்போது அவரும் நாற்காலியில் குனிந்து காட்டினார்! ஆந்திராவின் பெத்தகஞ்சாமிலிருந்து நம் மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் ஓடிய நீர்வழி இது. ரயிலும் லாரியும் சரக்கை எடுத்துக்கொண்டன. 1965, 66 புயல்கள் கரையைச் சிதைத்தன. அப்புறம் சாக்கடை, அப்புறம் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கின. இதையும் பலகையில் மறைக்காமல் எழுதியிருக்கிறோம்.

எழுத்துகளை வரைந்து கொடுத்த கல்லூரி மாணவிக்கும், ஏணி பிடித்த கிரிக்கெட் பையன்களுக்கும் நன்றி. பையன்களே, பந்து பலகையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சாமி.

வரவு செலவுக் கணக்கு டீக்கடையில் ஒட்டியிருக்கிறது. பச்சை பெயின்ட் அரை டப்பா மிச்சம். மழைக்கு முன் பாலத்தின் அடிப்பக்கக் கம்பிக்கும் ஒரு கோட்டிங் அடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை நேரம் இருப்பவர்கள் ஆளுக்கொரு பிரஷ் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
பாலத்தடித் தெருவிலிருந்து ஒருவன்